நீலச் சட்டை

“எல்லாத்துக்கும் ஒரே தீவனம்தானே? மத்த கிடாரிங்க மளமளன்னு வளருது, இது மட்டும் ஏன் இளைச்சுக்கிட்டே போகுது?” என்று கேட்டார் புதிதாக வந்த மாட்டு டாக்டர்.

“என் பொண்ணு கையால தின்னு வளர்ந்ததுங்க. வேற யார் வெச்சாலும் மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது” என்றார் பண்ணைக்காரர்.

“அப்ப பொண்ணையே வைக்கச் சொல்லுங்க.”

பண்ணைக்காரர் கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அதற்குள் அவர் மனைவி, மகளின் நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு தீவனத்தோடு வந்தாள். கிடாரி சட்டையை முகர்ந்தது, ஆசையாக நக்கியது, பிறகு தொட்டிக்குள் தலையை விட்டுத் தின்ன ஆரம்பித்தது.

டாக்டர் சிரித்தார். “பலே! பொண்ணு வர்ற வரைக்கும் தினமும் இதையே போட்டுக்குங்கம்மா.”

“அவ உயிரோட இல்ல சார். அவ வாசனை போயிடக் கூடாதுன்னு துவைக்காம வெச்சிருந்தது இது ஒண்ணுதான்” என்றாள் அவள், எச்சிலில் ஊறிய சட்டையைத் தடவியபடி. “பரவால்ல. இதாவது வளரட்டும்.”