திரும்பி வந்த சிறுமிகள்

சோழவந்தான் திவ்யாவும் உசிலம்பட்டி பாண்டிமீனாவும் நேரில் சந்தித்ததே இல்லை. மாயசக்தி பெற்ற சிறுமிகள் ஒவ்வொருவராகச் சாகும் ஓர் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், பற்றி மெசேஜில் ஓயாமல் பேசுவார்கள்.

"வழக்கமான மாயச் சிறுமி கதைய இது தலைகீழாப் புரட்டிருச்சுல்ல?" என்று திவ்யா அனுப்பினாள்.

"இல்ல. இதுவும் அதே கதைதான். கடைசியில செத்த புள்ளைக எல்லாம் வீட்டுக்கு வந்துருதுக. நெசத்துல யாரும் வாரதில்ல," என்று மீனாவின் எண்ணிலிருந்து வந்தது.

"புரட்டிருச்சுன்னு முதல்ல சொன்னதே நீதானடி!"

பதிலுக்குக் காத்திருக்காமல் திவ்யா போன் போட்டாள். ஓர் ஆண் எடுத்தார்.

"மீனா அப்பா பேசுறேம்மா. அவ தவறி நாப்பது நாளாச்சு," என்றார், அழுகையில்லாத குரலில். "உங்கிட்டச் சொல்ல முடியல. அதான் பன்னெண்டு எபிசோடும் பார்த்துட்டு நானே பதில் போட்டேன்."

திவ்யா மெசேஜ்களை நாற்பது நாளுக்குப் பின்னே தள்ளிப் பார்த்தாள்.

"மெசேஜ் போடுறத மட்டும் நிறுத்திராத தாயி."