பதினாறு மாத்திரை

கணக்குப் போட்டதும் அவசரப் பிரிவு டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றிலிருந்து தலைவலி என்று படுத்திருந்தவருக்கு அம்மா ஆறு, மனைவி ஆறு, தங்கை நாலு என்று ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பாராசிட்டமால் கொடுத்திருந்தார்கள்.

"பதினாறா? கல்லீரல் என்னத்துக்கு ஆகும்!"

"நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்," என்றார் நோயாளி.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் காலை வாரும்."

ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திராமல் முறிமருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். வெளியே மூன்று பெண்களும் அழுதுகொண்டே, "நீதான் கொடுத்தே", "நீங்கதான் கொடுத்தீங்க" என்று சண்டை போட்டார்கள்.

முடிவு வந்தது. ரத்தத்தில் பாராசிட்டமால் துளிகூட இல்லை.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு முறைத்தார். நோயாளி சட்டைப் பையிலிருந்து பதினாறு மாத்திரைகளையும் எடுத்து மெத்தைமேல் வைத்தார்.

"தலைவலியே இல்ல டாக்டர். வீடு மாத்துறோம். பீரோவைத் தூக்கச் சொல்வாங்கன்னு படுத்துட்டேன். ஆம்புலன்ஸே வந்தப்புறம் எப்படிச் சொல்றது?"

டாக்டர் டிரிப்ஸைக் கழற்றிவிட்டு வெளியே போனார்.

"அழாதீங்கம்மா. கல்லீரல் கல்லு மாதிரி இருக்கு. கூட்டிட்டுப் போங்க, இன்னைக்கே பீரோகூடத் தூக்கலாம்."