வால் அறுந்த ஃபைல்

“தேறுமா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் மேனேஜர்.

“லெட்டரையெல்லாம் ஒண்ணா கட்டி வெச்ச ஜிப் ஃபைலோட வால் அறுந்திருக்கு சார். உள்ள என்னென்ன இருக்குங்கற பட்டியல் வால்லதான் இருக்கும். அதான் திறக்க மாட்டேங்குது,” என்றாள் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “காலையிலேர்ந்து மல்லுக்கட்டறே. கண்ணைக் கெடுத்துக்காதேம்மா. போனது போகட்டும், முதலாளியம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“பட்டியல் போனா என்ன சார்? உள்ள இருக்கற ஒவ்வொரு லெட்டருக்கும் தலையில தனியா பேர் இருக்குமே. ஒண்ணொண்ணா பிடிச்சு இழுத்தா வந்துடும்.”

சொன்னபடியே திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. முப்பத்தொரு கடிதங்களும் பழுதில்லாமல் வந்துவிட்டன. பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் உள்ளே வந்த முதலாளியம்மா முதல் தாளை எடுத்து உரக்கப் படித்தார்: “மேனேஜர் மீது புகார், எண் ஒன்று.”

மேனேஜர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அது நான் எழுதினது,” என்றாள் அவள். “நேத்து என் சீட்ல உட்கார்ந்து வாலை வெட்டிட்டா செத்துடும்னு நினைச்சீங்களே சார், தலை முப்பத்தொண்ணும் உயிரோட இருக்கு!”