ஏழாவது இருமல்

ஆம்பூர் பக்கத்துக் காப்புக்காட்டில், கோடைத் தீயைப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கும் ஆறு பேரில் மூத்தவர் குப்புராஜ். புகைக்குள் ஆளும் தெரியாது, கூப்பிடக் குரலும் எழும்பாது. அதனால் மலையிறங்கும்போது ஆளுக்கு ஒரு தடவை இருமுவார்கள். தன்னுடையதையும் சேர்த்து அவர் எண்ணிக்கொள்வார்.

இரண்டு வருஷமாக எண்ணிக்கை ஏழு வருகிறது. கூடுதலாக வருவது, அவர்களோடு தீயணைத்து நெஞ்சு கெட்டு இறந்துபோன ஏகாம்பரத்தின் இருமல். யாரும் பயப்படவில்லை. "உசுரோட இருந்தப்பவே அவன் ஒரு நாள் லீவு போட்டதில்ல" என்று சிரித்துக்கொள்வார்கள்.

பங்குனியில் அவர்களுக்காக மருத்துவ முகாம் நடந்தது. நர்ஸ் ஹெப்சி, மூச்சை அளக்கும் குழாயைக் கொடுத்து ஒவ்வொருவராக ஊதச் சொன்னாள். ஒருவருக்கும் முள் பாதியைத் தாண்டவில்லை.

"இன்னாண்ணா, உங்க ஆறு பேரை நம்பி ஒரு பலூன்கூட வாங்க முடியாது போல."

கடைசி ஆள் ஊதியதும் முள்ளைக் கீழே இறக்கி, குழாயை மேசைமேல் வைத்துவிட்டு, மாத்திரை எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது முள் உச்சியில் நின்றது.

"இது யாரு ஊதினது? நெஞ்சு அவ்ளோ சுத்தமா இருக்கு."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏகாம்பரம்னு எழுதிக்கம்மா," என்றார் குப்புராஜ். "சரியாப் போச்சுன்னும் போடு."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு வழக்கம்போல இருமலில் போய் முடிந்தது. குப்புராஜ் பழக்கதோஷத்தில் எண்ணினார்.

ஆறோடு நின்றுவிட்டது.