துளை போடாத யானை

மலைகளில்கூட அருகிப்போன அந்த ஊதாப் பூவை, 2005 மழைக்குப் பிறகு, விருத்தாசலத்தில் முதலில் பார்த்தவன் நான். எங்கள் பொம்மைப் பட்டறைக்குப் பின்னால், களிமண் குவியலில் பூத்திருந்தது. கல்லூரித் தாவரவியல் ஆசிரியை இளமதி வந்து உறுதி செய்தார். ‘செந்தமிழன் கண்ட பூ’ என்று என் பெயரோடு பேப்பரில் வந்தது. அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன்.

விதை எடுக்க இளமதி மறுபடி வந்த அன்று சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு யானைப் பொம்மைக்கு நான் காற்றுத் துளை போட மறந்திருந்தேன். துளை இல்லாத பொம்மை நெருப்பில் வெடித்துவிடும். இது கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஆட்டியபோது உள்ளே ஏதோ அசைந்தது.

“உடைச்சுப் பாருங்க,” என்றார் இளமதி.

உடைத்தேன். ஓடு கையைச் சுட்டது. உள்ளே அதே ஊதாப் பூ, பனி ஈரத்தோடு இருந்தது.

அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

“இதையும் என் பேர்லயே போட்டுடுங்க மேடம்,” என்றேன்.