கழற்றின தகடு

"நான் ஊருக்கு பஸ் ஏறுறதுக்குள்ள ஒரு முடிவு தெரிஞ்சாகணும்ப்பா," என்றாள் மகள். "மூணு மாசத்துல மூணாவது தடவை ரிப்பேர். ஓவன் மேல தப்புன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம். அம்மா எதையாவது உள்ள வெச்சுத்தான் கெட்டுப் போச்சுன்னா, திங்கட்கிழமையே அம்மாவை அந்த இல்லத்துல சேர்த்துடறேன். இடம் சொல்லி வெச்சாச்சு."

பெரியவர் ஓவன் பக்கமாக நகர்ந்து நின்றார்.

மகளைச் சொல்லியும் குற்றமில்லை. காஸைத் திறந்து விட்டுவிட்டு அம்மா மறந்து போன அன்றைக்கே அடுப்பை எடுத்துவிட்டு, இந்த மைக்ரோவேவ் ஓவனை வாங்கி வைத்தவள் அவள்தான். மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களை விசாரித்து வைத்தவளும் அவள்தான். இருக்கிற இடத்திலிருந்து இங்கே வர ஆறு மணி நேரம். போன் அடித்தாலே பதறுகிறவள்.

ஓவனுக்கு முன்னால் மெக்கானிக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எப்போதும் விளக்கெண்ணெய் குடித்த முகம். ஆனால் ஒரு நல்ல பேர் உண்டு. கழற்றின பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் வெளியே போகமாட்டான். "நான் சொன்னா நம்பமாட்டீங்க. சாமானே சொல்லட்டும்," என்பான்.

பெரியவருக்கு அதுதான் பயம்.

அவர் மனைவிக்கு அது ஓவன் இல்லை, பீரோ. முதலில் ஸ்பூனை வைத்தாள். அப்புறம் சாவிக்கொத்து. கதவைச் சாத்தி, கைக்கு வந்த பட்டனை அமுக்கி, "பூட்டியாச்சு," என்பாள். உள்ளே பொறி பறக்கும். இரண்டு தடவையும் மெக்கானிக் வருவதற்குள் அவர் சாமானை எடுத்து ஒளித்துவிட்டார். இந்தத் தடவை கண்ணாடித் தட்டைத் தூக்கிக்கூடப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அதில் ஒரு அரைத் தைரியம்.

"உலோகச் சாமான் ஏதாவது உள்ள போச்சா ஐயா?" என்றான் மெக்கானிக்.

"இல்ல தம்பி."

"போன தடவையும் இதான் சொன்னீங்க."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கே ஒரு வளையலைக் காணோம். மெக்கானிக்கைப் பார்த்ததும் அவர் காதோடு சொன்னாள்: "திருடன் வந்திருக்கான்."

ஓவனின் உட்சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு உண்டு. நடுவில் கருகி, ஒரு மூலை பெயர்ந்திருந்தது. மெக்கானிக் அதைப் பிடுங்கினான். பின்னால் இருந்த பொந்தில் விட்ட கை அப்படியே நின்றது.

பக்கத்தில் நின்ற பெரியவருக்கு மட்டும் தெரிந்தது. பாதி கருப்பு, பாதி மஞ்சள். வளைந்து நெளிந்த வளையல்.



மெக்கானிக் வளையலைப் பார்த்தான். நாற்காலியில் இருந்தவளின் மணிக்கட்டைப் பார்த்தான்.

"கழற்றினதைக் கையில குடுப்பீங்களாமே, குடுங்க," என்றாள் வாசற்படியில் நின்ற மகள்.

அவன் குனிந்து தன் பையைத் துழாவி, விரிசல் விட்ட ஒரு தகட்டை நீட்டினான். யார் வீட்டு ஓவனில் கழற்றியதோ.

"இதான்மா. போன தடவை நான் போட்டது. மட்டச் சரக்கு. அதான் பொறி அடிச்சிருக்கு."

"அதுக்கு முந்தின தடவை?"

"அதுவும் என் வேலைதான்."

"அப்ப அம்மா எதையும் உள்ள வைக்கல?"

"வெச்சிருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? இருபது வருஷமா இதே பொழப்பு."

"இருபது வருஷமா இப்படித்தான் ஊரை ஏமாத்துறீங்களா?" என்றாள் மகள். "உங்களால பெத்தவளையே கொண்டு போய் விட இருந்தேன். இந்த பில்டிங்ல ஒரு வீடு விடாம உங்க லட்சணத்தைச் சொல்லிட்டுத்தான் போவேன்."

மெக்கானிக் பையிலிருந்து கத்தரியை எடுத்தான்.

அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். "அந்த இடம் வேணாங்க. இல்லைங்க, அம்மா நல்லாத்தான் இருக்காங்க." பிறகு மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மெக்கானிக் நல்ல தகடு ஒன்றை வெட்டிப் பொருத்தி, மூடியை முடுக்கினான்.

"பீரோவைச் சரியாப் பூட்டினியா?" என்று கேட்டாள் பெரியவரின் மனைவி.

"பூட்டிட்டேன்மா," என்றான்.

வாசல் வரை பெரியவர் கூடவே போனார். "தம்பி, உன் பேரு..."

"பேரு கெட்டா ரிப்பேர் பண்ணிக்கலாம் ஐயா." முகம் அப்போதும் விளக்கெண்ணெய்தான். "சூடு பண்ணினதும் ப்ளக்கைப் பிடுங்கி, அவங்க கைக்கு எட்டாம வெச்சிடுங்க. மத்த நேரம் அது பீரோவாவே இருந்துட்டுப் போகட்டும்."

படியில் கால் வைத்தவன் திரும்பி, ஒரு துணிப் பொட்டலத்தை அவர் உள்ளங்கையில் அழுத்தினான்.

"கழற்றினதைக் கையில குடுக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது."

கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"திருடன் போயிட்டானா?"

அவர் வளையலை அவள் கையில் போடப் பார்த்தார். ஏறவில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"போயிட்டான். காணாமப் போனதைக் குடுத்துட்டுப் போயிட்டான்."