சரிபார்த்தோம் மேடம்!

கல்லூரி மாணவர்களுக்குத் தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் சொல்லித்தரும் வகுப்பு அது. காலியாகக் கிடந்த அறையில் நின்றபடியே, அதை நடத்தும் நூலகர் வகுப்புத் தலைவிக்குப் போன் போட்டார்.

"என்னம்மா, ஒருத்தரையும் காணோம்?"

"இன்னைக்கு வகுப்பு இல்லைன்னு நேத்து குரூப்ல மெசேஜ் வந்துச்சே மேடம்."

"வந்தா நம்பிடுறதா? எதையும் சரிபார்க்காம நம்பாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!"

"சரிபார்த்தோம் மேடம். தெரியாத நம்பரா இருந்துச்சு, அதனால ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டோம். வகுப்பு இல்லைன்னு கிளார்க் சாரே அடிச்சுச் சொன்னார்."

நூலகர் விறுவிறுவென்று அலுவலகத்துக்குப் போனார்.

"என் வகுப்பு இல்லைன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"அந்தக் குரூப்ல நானும் இருக்கேனே மேடம்! மெசேஜைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். ஏன், பொய்யா அது? பிரின்சிபால்கிட்ட சொல்லி, அனுப்பினவன் யாருன்னு பிடிச்சு ஒரு வழி பண்ணிடலாம்!"

"ஐயோ வேண்டாம் சார், விடுங்க."

மாணவர்கள் சரிபார்க்கிறார்களா என்று சோதிக்க, தன் தங்கையின் நம்பரைக் குரூப்பில் சேர்த்து அந்த மெசேஜை அனுப்பியவரே நூலகர்தான். எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, தங்கையின் நம்பரைச் சத்தமில்லாமல் நீக்கினார்.